எட்டு நாற்காலிகளும் மத்தூர் வடையும்

1

குடியாத்தத்தில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூரு வந்துவிடலாம். இவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா, அமெரிக்காவில் பனியில் வழுக்கி விழுகிறவர்கள் எழுத வேண்டியதை இவன் ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. நியாயம்தான். நான் விசாவுக்கு வரிசையில் நின்றதில்லை. என் பெட்டியை யாரும் திறந்து ஊறுகாயை மோந்து பார்த்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் இங்கே இருந்ததில் என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக இரண்டு எழுத்தறிவில்லாதவர்கள். இதற்கு மேலும் பெயர வேண்டுமா?

நான் வந்து இறங்கிய தேதியை ஒவ்வொரு வருஷமும் கொண்டாடுவேன். அன்று அரை நாள் லீவு போட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் பக்கம் போய், முதல் நாள் சாப்பிட்ட அதே தர்ஷினியில், அதாவது நாற்காலி இல்லாத சின்ன ஓட்டலில், நின்றபடி ஒரு செட் தோசை. அவ்வளவுதான் விழா. இந்த வருஷம் அந்தத் தேதியில் தோசை கிடைக்கவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தின் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் வீரனாக வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். கழிப்பறைக்கு எத்தனை தடவை போனேன் என்பது வேண்டுமானால் துல்லியமாக வரும்.

2

நான் வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். வயது ஐம்பத்தொன்று. எங்கள் துறையில் அந்த வயது, ஊரில் தொண்ணூற்றைந்துக்குச் சமம். பார்க்கிறவர்கள் பயபக்தியோடு, ‘இன்னும் இருக்கிறாரா’ என்பது போலப் பார்ப்பார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஹெச்.ஆர். தலைவி மிருதுளா மேடம் என் மேசைக்கு வந்து, “சேகர் சார், நீங்க எல்லாரோடயும் ஜோக் அடிச்சுட்டு ஜாலியா இருக்கீங்க. உங்களை ஒரு கமிட்டில போட்டிருக்கோம்” என்றார். என்ன கமிட்டி என்று நான் கேட்கவில்லை. மத்தூர் வடை உண்டு என்றார்; கேள்விகள் அங்கேயே முடிந்தன.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய பதிவேடு வரும். பக்கத்தில் எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்ட மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். வலது கையில் பேனா, இடது கையில் வடை. அம்பு காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். குழுவின் மற்றவர்கள் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. வடை மட்டும் ஒவ்வொரு தடவையும் நன்றாகவே இருந்தது.

அந்தக் குழு எதற்கு என்பதை இப்போது சொல்கிறேன். அப்போது தெரிந்திருந்தால் வடையை வேண்டாம் என்றிருப்பேன். அல்லது ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். ஒருவரை எந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கலாம், அதற்கு முன் என்ன விசாரணை நடக்க வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனம் எழுதி, அரசிடம் ஒப்புதல் வாங்கி, எல்லாரும் பார்க்க ஒட்டிவைக்க வேண்டும். அதற்கு நிலையாணைச் சட்டம் என்று பெயர். கர்நாடக அரசு எங்களைப் போன்ற ஐ.டி. நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. சும்மா கொடுக்கவில்லை; சில நிபந்தனைகள் போட்டிருக்கிறது. அதில் ஒன்று, நிறுவனத்துக்குள் ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத்தின் ஆட்கள் எத்தனை பேரோ, ஊழியர்களின் ஆட்களும் அத்தனை பேர் அதில் உட்கார வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் நாலும் நாலும் எட்டு. ஊழியர் பக்கத்து நாலு பேரில் ஒருவன் நான். ஏழு வருஷமாக நான் ஒரு தொழிலாளர் பிரதிநிதி. இது எனக்கே தெரியாத ரகசியம்.

3

ரகசியத்தை உடைத்தவள் கௌசல்யா. திருப்பத்தூர்க்காரி, முப்பது வயதிருக்கும், மூன்றாவது மாடியில் வேலை. எனக்கு முகம் தெரியும், பேர் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் அடித்தளத்தில் வண்டியை எடுக்கப் போகிறேன், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“சார், நீங்கதானே எங்க பிரதிநிதி?”

நான் சுற்றிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

“யாருக்கும்மா பிரதிநிதி?”

“எங்களுக்குத்தான் சார். ஜெனரேட்டர் ரூம் கதவு மேல லிஸ்ட் ஒட்டியிருக்கு. நாலாவது பேரு உங்களோடது.”

போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் அறைக்கு யாரும் போவதில்லை. எச்சரிக்கைப் படத்து மண்டையோட்டுக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. இரண்டுக்கும் ஒரு பொருத்தம் இருப்பதாகவும் பட்டது.

அவள் கதை இது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். செல்போனை வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே மூன்று பேர். “ஒரு மணி நேரத்துல நீங்களா ராஜினாமா கொடுத்துடுங்க, நல்ல சர்டிபிகேட் தருவோம். இல்லைன்னா வேலை சரியில்லைன்னு எழுதி அனுப்புவோம்.” இவள் கையெழுத்துப் போடவில்லை. அழவும் இல்லையாம். “வீட்டுல வந்துதான் சார் அழுதேன்” என்றாள். திங்கட்கிழமை வந்து நுழைவாயிலில் அடையாள அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. அட்டையை முடக்கிவிட்டார்கள். கௌசல்யா ஐ.டி. ஊழியர் சங்கம் ஒன்றின் உதவியோடு தொழிலாளர் துறைக்குப் போய்விட்டாள். இன்று ஒரு தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து உள்ளே வந்திருக்கிறாள்.

“சங்கமா?” என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. எங்கள் ஏ.சி. அறைக்குள் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் கேமரா திரும்பிப் பார்க்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

“ஆமா சார். அங்க கம்பெனி பதில் கொடுத்திருக்கு. இந்தாங்க.”

ஒரு நகல். எங்கள் பதிவேட்டின் பக்கம். ‘கௌசல்யாவின் புகாரைக் குழு கூடி முழுமையாக விசாரித்தது. புகாரில் உண்மை இல்லை என்று எட்டு உறுப்பினர்களும் ஒருமனதாக முடிவு செய்தனர்.’ கீழே எட்டுக் கையெழுத்து. நாலாவது என்னுடையது. ஓரத்தில் எண்ணெய்க் கறை, அதுவும் என்னுடையதுதான்.

“என் புகார்ல என்ன சார் பொய்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவளுக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டியிருந்தது.

“உன் புகாரை நான் படிக்கவே இல்லம்மா” என்றேன்.

“அதை அங்க வந்து சொல்லுவீங்களா சார்?”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனேன். அடுத்தவன் வண்டி. சாவி நுழையவில்லை.

4

பயம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பா ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். அங்கே மூன்று சங்கங்கள். அப்பா மூன்றிலும் உறுப்பினர். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். சட்டையின் இடது பையில் ஒரு ரசீது, வலது பையில் ஒன்று, மூன்றாவது டிபன் பாக்ஸுக்குள். ஆலை வாசலில் சங்கக் கூட்டம் நடந்தால் எந்தக் கொடிக்கும் கீழே நிற்காமல், சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலப் பாவனை செய்வார். அந்த வருஷங்களில் எங்கள் சைக்கிள் அளவுக்குக் காற்றடைத்த சைக்கிள் மாவட்டத்திலேயே கிடையாது.

அவர் அசந்துபோய்ச் சொன்ன சம்பவம் ஒன்றுதான். ஒரு பெரிய வேலைநிறுத்தம் முடிந்து ஒப்பந்தம் பேசக் கூப்பிட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் கோப்பைத் தூக்க அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் அறையில் எப்போதும் ஒரே ஒரு நாற்காலிதான். மற்றவர்கள் நிற்க வேண்டும். அன்று கல்யாண மண்டபத்திலிருந்து ஆறு மடக்கு நாற்காலி வந்து, மேனேஜருக்கு எதிரே வரிசையாகப் போட்டிருந்ததாம். பஞ்சு அறையில் வேலை செய்யும் ஆள், தலையில் பஞ்சுப் பிசிறோடு, மேனேஜருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது. “உக்காருய்யா” என்றார்கள். அப்பா உட்காரவில்லை. மூன்று மணி நேரம் கோப்போடு நின்றார்.

“எதிர நாற்காலி போட்டாங்கடா” என்பார் பல வருஷம் கழித்தும். கொஞ்சம் விட்டு, “உக்காந்திருக்கலாம்” என்பார்.

தொழிலாளர் துறை விசாரணைக்கு மூன்று நாள் இருந்தபோது மிருதுளா மேடம் கூப்பிட்டார். நானும் வர வேண்டுமாம். நிர்வாகத்தின் சாட்சியாக! “ஒண்ணும் பேச வேணாம் சார். இது உங்க கையெழுத்தான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா போதும்.” பிறகு, என் வயதுக்காரர்களைப் பற்றி மேலிடத்தில் பேச்சு நடப்பதாகவும் தான் எனக்காகப் பேசி வருவதாகவும் மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்பில் என் சட்டை நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஜுரம் என்று படுத்தேன். மனைவி மஞ்சு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “மெஷினுக்கே உங்க மேல நம்பிக்கை இல்ல” என்று எடுத்துப் போய்விட்டாள்.

மகள் ஆதிரா பி.யு.சி. இரண்டாம் வருஷம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். அந்த நகலோடு கௌசல்யா கொடுத்த தாள்களில் விலக்கு பற்றிய அரசாணையும் இருந்தது; கன்னடத்தில். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கற்றது பஸ் எண்ணும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பதும்தான்.

“இதைக் கொஞ்சம் படியேன்” என்றேன்.

“வாட் இஸ் திஸ், அப்பா?” என்று வாங்கியவள், சட்டென்று காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, செய்தி வாசிப்பவள் போலச் சரளமாகப் படித்தாள். என் பெண்ணின் கன்னடத்தை அவ்வளவு நேரம் நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. ஓரிடத்தில் நிறுத்தி, “சமசங்க்யென்னா ஈக்வல் நம்பர்” என்றாள்.

“சம எண்ணிக்கை.”

“அதேதான். அப்பா, அப்போ நீங்களும் அந்த மேடமும் அங்க ஈக்வலா?”

“பேப்பர்ல.”

“பேப்பர்லதானே நீங்க சைன் பண்ணீங்க?”

இந்தப் பெண் எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் எல்லாரிடமும் புலம்பியிருக்கிறேன். கொஞ்சம் விலகி நின்றால்தான் சிலதெல்லாம் தெரியும் போலிருக்கிறது. போர்வையை மடித்து வைத்தேன்.

5

நிறுவனத்தின் கார். முன்னால் நிறுவனத்தின் வக்கீல், பின்னால் மேடமும் நானும். வைட்ஃபீல்டிலிருந்து நகரத்துக்குள் போக இரண்டு மணி நேரம். பெங்களூரு போக்குவரத்தை இதற்கு முன் எல்லாரையும் போல நானும் திட்டியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

தொழிலாளர் துறை அலுவலகம் பார்க்கப் பிரமாதமாக இல்லை. இரும்பு அலமாரிகள், அலமாரிக்கு மேல் கட்டுக் கட்டாகத் தாள், ஆடும் மின்விசிறி. தாழ்வாரத்தில் ஒரே நீளப் பெஞ்ச். எங்கள் நிறுவனத்தில் மிருதுளா மேடத்துக்காக லிப்ட் காத்திருக்கும். இங்கே மேடம் லிப்டுக்காகக் காத்திருந்தார், வேலை செய்யவில்லை என்று தெரிந்து மூன்று மாடி ஏறினார். பெஞ்சில் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் கௌசல்யா. நடுவில், யார் பக்கம் என்று தெரியாத நான். சைக்கிள் பம்பு ஒன்றுதான் குறை.

கௌசல்யாவோடு எங்கள் அலுவலகத்திலிருந்தே முப்பது பேராவது வந்திருந்தார்கள். லீவு போட்டுவிட்டு, அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, சுவரோரம் அமைதியாக நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள். சேர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் அதையும் ஜுரம் என்றே நினைத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. மேசையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில், நூலில் தொங்கும் கண்ணாடி. மேசைக்கு இந்தப் பக்கம் நாலு நாற்காலி. அந்தப் பக்கம் நாலு. யார் எந்தக் கம்பெனியின் தலைவர் என்பதெல்லாம் அந்த நாற்காலிகளுக்குத் தெரியவில்லை. எல்லாமே ஒரே மாதிரி பிரம்பு அறுந்தவை. வக்கீல் உட்கார்ந்தபோது அவருடையது கிரீச்சிட்டது. கௌசல்யா உட்கார்ந்தபோதும் கிரீச்சிட்டது.

நான் அப்பாவைப் போல நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “குத்கொள்ளி” என்றார். உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உங்கள் கையெழுத்தா? ஆமாம். இந்தத் தேதியில் கூட்டம் நடந்ததா?

மேடம் என்னைப் பார்க்கவில்லை. தன் பேனாவைப் பார்த்தார். கௌசல்யாவும் பார்க்கவில்லை. தன் முடங்கிய அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக் கடன், மகளின் கல்லூரி, ஐம்பத்தொரு வயது எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஓட்டைக் கன்னடம் மொத்தமும் ஒன்றாக வந்து விழுந்தது.

“மீட்டிங் ஆகே இல்லா மேடம். நானு வடே திந்தே, அஷ்டே.”

கூட்டம் நடக்கவே இல்லை. நான் வடை தின்றேன், அவ்வளவுதான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“எஷ்டு?” எத்தனை?

“எரடு.” இரண்டு. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் மூன்று என்றிருப்பேன்.

தாழ்வாரத்தில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் “பரெதுகொள்ளி” என்றார். எழுதிக்கொள்ளுங்கள். அவர் எழுதினார். முப்பது மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் அழகாக அச்சடித்துக் கொண்டுவந்த பக்கத்தை, ஒரு குமாஸ்தாவின் நீல மை மெதுவாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. கோயிலில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஊழியர் பக்கத்து நாலு பேரை ஊழியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அப்படி அமையும் நிஜமான குழு கூடிப் புகாரை விசாரித்து என்ன முடிவு என்று தனக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து நாள் தருகிறேன் என்றார் அதிகாரி. திரும்பும்போது காரில் என்னை ஏற்றவில்லை. மெட்ரோவில் வந்தேன்.

6

குழுவைச் சரிபார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஊழியர் பக்கத்து நாலு பேரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையைவிட்டுப் போய்விட்டாராம். அவர் கையெழுத்து மட்டும் விசுவாசமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்திருக்கிறது.

தேர்தல் உணவுக்கூடத்தில் நடந்தது. வாக்குப்பெட்டி, ஒரு பழைய பிரின்டர் வந்த அட்டைப்பெட்டி. நான் ஒரு ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் பெயரை யாரோ முன்மொழிந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் காபி மூக்கில் ஏறியது. உடனே கௌசல்யாவுக்குப் போன் போட்டேன்.

“என்னைப் போய் ஏம்மா? நான் பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியும்.”

“அதனாலதான் சார் சொல்லி அனுப்பினேன். பயப்படறவருதான் இனிமே ஒவ்வொரு வரியா படிப்பாரு.”

வரிசை உணவுக்கூடத்தைத் தாண்டி, லிப்டைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கியது. யாரும் சத்தம் போடவில்லை. மடித்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவர்கள் போல நின்றார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு லீவு கொடுத்தாலும் ரிசார்ட்டுக்குப் போகிற கூட்டம் இது. நாலு பேரில் நாலாவதாக நான் தேறினேன். பழக்கமான இடம்தான்.

நிஜமான முதல் கூட்டம். ஒரு பக்கம் நாலு நாற்காலி, மறுபக்கம் நாலு. நடுவில் தட்டில் மத்தூர் வடை. யாரும் தொடவில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். கௌசல்யாவைக் கூப்பிட்டு அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லச் சொன்னோம். அவள் சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கம் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அறையில் இருந்த மூவரில் அவரும் ஒருவர் போல. கடைசியில் அவளை வேலையில் தொடர விடுவது என்று முடிவாயிற்று. அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தீர்மானம் அச்சாகி வந்தது. ஓரத்தில் அதே மஞ்சள் அம்பு.

அம்பைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் வரியிலிருந்து படித்தேன்.

“எனி ப்ராப்ளம், சேகர் சார்?” என்றார் மேடம்.

“படிக்கிறேன் மேடம்.”

ஏழு பேர் காத்திருந்தார்கள். ஆறாவது வரியில், அவளிடம் ராஜினாமா கேட்டது ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்று இருந்தது. நாங்கள் பேசியது அது இல்லை. தண்ணீர் குடித்தேன்.

“ஆறாவது வரி மேடம். ‘கைவிடப்படுகிறது’ன்னுதானே பேசினோம்?”

மேடம் படித்தார். தன் பக்கத்து மூவரையும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மற்ற மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்த மூன்று பேனா மேசையில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேடம் மெதுவாகத் தலையாட்டினார். தாள் திரும்பப் போனது. பிரின்டர் பக்கத்து அறையில் இருமி இருமி ஓடியது. அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் நாலு பேர், ஒரே ஒரு சொல் மாறி வருவதற்காகக் காத்திருந்தோம். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், அப்பாவுக்கும் சேர்த்து.

திங்கட்கிழமை காலை நுழைவாயிலில் கௌசல்யா எனக்கு முன்னால் நின்றாள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். நான் பின்னால் குனிந்து ஷூவுக்கு நாடா கட்டுவது போல நின்றேன். என் ஷூவில் நாடா கிடையாது.

“பயமா இருக்கு சார்” என்றாள், திரும்பாமலே.

“எனக்கும்தான். வைம்மா.”

வைத்தாள். பச்சை.